இரண்டு நொடி ஒடெஸா

பிராங்க்ஸ், நியூயார்க்
மார்ச் 10, 1983
வியாழன் மாலை

அன்புள்ள அக்கா ஒடெஸாவுக்கு,

உன் தங்கை லவீனியா மிகுந்த மரியாதையுடன் எழுதுவது. கடவுள் கிருபையால் நீயும் வெண்டல் அத்தானும், அத்தானுடைய இடது முழங்காலும், கொல்லையில் நிற்கும் பீக்கன் கொட்டை மரமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், தம்பி ஆல்டன் சுகம், எங்கள் கட்டடத்து வெந்நீர்க் குழாய்கூட இந்த வாரம் சுகமாகத்தான் இருக்கிறது. சுகமில்லாத சங்கதி ஒன்றே ஒன்று. அது உன்னைச் சேர்ந்தது என்பதால் மற்றவர்கள் வாயிலிருந்து உனக்கு வருவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ஆல்டன் போனில் அத்தானிடம், "ஈஸ்டருக்கு அக்காவக் கூட்டிட்டு வாங்க அத்தான், அவ குரல அவளுக்கே கேக்க வெக்கிறேன்" என்று சொன்னானே, அதைக் கேட்டு நீங்கள் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டீர்கள் என்று அறிந்தேன். அந்த டிக்கெட்டைத் திருப்பிக்கொடுக்க முடியுமா என்று விசாரித்துப் பார். கேட்க வைக்க இங்கே ஒன்றும் இல்லை. இருந்தது. தொண்டை அறுவைக்குப் பிறகு நீ அத்தான் காதில் கிசுகிசுக்க, அத்தான் அதைத் தன் சொந்தக் கருத்துகளையும் சேர்த்துப் போனில் எங்களுக்குச் சொல்ல, இப்படி இரண்டு வருஷம் போயிருக்கிறது. அந்த நிலையில் உன் பாட்டுக் குரலில் ஒரு துண்டு எங்களிடம் அகப்பட்டது. அதை முதலில் ஆல்டன், பிறகு நம் சபை டீக்கன் ரிவர்ஸ், கடைசியாக நான், மூவருமாகச் சேர்ந்து உலகத்திலிருந்தே துடைத்துவிட்டோம். எப்படி என்று கேட்பாய். சொல்கிறேன்.

முதலில் அந்த இயந்திரம். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் ஆல்டனும் அவன் கூட்டாளிகள் இருவரும் ஒரு சவப்பெட்டியைத் தூக்குவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு என் மாடிப்படி ஏறினார்கள். என் தம்பி லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். என் கட்டடத்து லிஃப்ட் ஓடுவதில்லை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை. ஆனால் இயந்திரம் என் வீட்டுக்கு வந்ததற்கும் லிஃப்டுக்கும் சம்பந்தம் உண்டு. அவன் கட்டடத்தில் லிஃப்ட் ஏறும்போதெல்லாம் விளக்கு மங்கும், மங்கினால் அந்த இயந்திரம் தன் ஞாபகத்தை இழந்துவிடும். என் கட்டடத்தில் அந்தக் கவலை இல்லை. ஆகவே நீ எனக்கு விட்டுக்கொடுத்த அம்மாவின் சாப்பாட்டு மேசைமேல் அது உட்கார்ந்தது; நான் அன்று முதல் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறேன். பார்க்க ஒரு ஆர்கன் மாதிரி இருக்கும், வயிற்றில் கம்ப்யூட்டர். தன்னுடைய சத்தம் என்று அதற்கு ஒன்றும் கிடையாது. எந்தச் சத்தத்தைக் காட்டுகிறோமோ அதை இரண்டு நொடி அளவுக்கு விழுங்கிக்கொண்டு, எந்தக் கட்டையை அமுக்கினாலும் அந்தச் சுருதியில் திருப்பிக் கக்கும்; மேல் கட்டையில் கொசு, கீழ்க் கட்டையில் எருமை. இரண்டு நொடிக்கு மேல் அதன் வயிறு தாங்காது. அணைத்தால் விழுங்கியதையும் மறந்துவிடும் என்பதால் ஃப்ளாப்பி என்ற மெல்லிய சதுரத் தட்டில் அதை எழுதிவைக்க வேண்டும். இப்படிப்பட்ட மறதிக்காரனை ஒரு காரின் விலை கொடுத்து மூன்று பேர் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். கார் வாங்கியிருந்தால் ஆரஞ்ச்பர்க்குக்கு வந்து உன்னைப் பார்த்திருக்கலாமே என்றேன். "காரை வெச்சு யாரும் ஆட மாட்டாங்கக்கா" என்றான்.

ஜனவரி முழுக்க என் வீட்டில் சத்தம் போடும் எதற்கும் நிம்மதி இல்லை. நான் சூப் வைத்துக்கொண்டிருப்பேன், அடுப்படி வாசலில் மைக்கோடு நிற்பான்.

"அக்கா, இன்னொரு தடவ."

"என்னத்த இன்னொரு தடவ?"

"இப்ப அந்தச் சட்டி மூடிய வெச்சியே, அதே மாதிரி வை. கொஞ்சம் கோவமா."

"எனக்குக் கோவமில்ல ஆல்டன்."

"அதான் சத்தம் சரியா வர மாட்டேங்குது."

அடுத்த முறை சரியாக வந்தது. கதவுத் தாழ்ப்பாள், ரேடியேட்டரின் இருமல், என் குடை விரியும் ஓசை எல்லாம் அந்த வயிற்றுக்குள் போயின. மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் நாக்கால் "ச்சு" என்று ஒரு ஒலி எழுப்புகிறேனாம். எனக்கே தெரியாது. புள்ளியியல் முதலாண்டுத் தாள்களைத் திருத்தும் எவரும் எழுப்புவார்கள். அதையும் எடுத்துவிட்டான். என்னுடைய சலிப்பு வரிசையாகத் தாளம் போடுவதை அடுத்த அறையிலிருந்து கேட்டபோது, இருபது வருஷமாக வகுப்பு எடுத்தும் என்னால் யாரையும் இப்படி ஆட்டிவைக்க முடிந்ததில்லையே என்று தோன்றியது.

பிப்ரவரியில்தான் நீ வந்தாய். ஆல்டன் தன் பழைய காலணிப் பெட்டியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஈஸ்டர் ஆராதனை, நம் சபையின் பாடகர் குழு. அந்த ஈஸ்டருக்கு நான் கல்லூரியில் விடுப்பெடுத்து மிச்சிகனில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தேன்; ஆல்டன் சபைக்குப் போயிருந்தான், ஆனால் வழக்கம்போல வாசலுக்கு வெளியே. குழு முழுதும் பாடி முடித்து அடங்கும் இடத்தில் ஒரே ஒரு பெண் குரல் மட்டும் "ஓ...!" என்று எழும்பி, கூரையைத் தொட்டு, அங்கேயே நின்றதாம். யாருடையது என்று அவன் கேட்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை; நீ இங்கே இருந்த வருஷங்களில் ஈஸ்டர் என்றால் அந்தக் கூவல் உன்னுடையதுதானே. அது இரண்டு நொடிக்கு மேல் நீண்டதால் நாடாவை முடுக்கி ஓட்டி இயந்திரத்துக்குள் திணித்தான்; பிறகு கீழ்க் கட்டை ஒன்றை அமுக்கினால் பழைய சுருதி வந்துவிடும் என்றான். வந்தது. இன்னொரு முறை ஓட்டுகிறேன் என்று போனபோது கேசட் பெட்டி நாடாவை விழுங்கி, சேமியா மாதிரி வெளியே தள்ளியது. "பரவால்லக்கா, ஃப்ளாப்பில இருக்குல்ல" என்றான். இன்னொரு ஃப்ளாப்பியிலும் எழுதிவை, ஒன்றே ஒன்று என்பது என் படிப்பில் ஒரு எண்ணிக்கையே கிடையாது என்றேன். "நாளைக்கு" என்றான்.

அந்தக் கட்டையின்மேல் ஒரு துண்டு நீல ஒட்டுத்தாள் ஒட்டிவைத்திருந்தான். கல்லூரியிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் நான் அதை ஒருமுறை அமுக்குவேன். நீ "ஓ" என்பாய். மூச்சு வாங்கப் போகிற இடத்தில் அறுந்துவிடும். அவ்வளவுதான். பிறகு கோட்டைக் கழற்றுவேன். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தால் இன்னொருமுறை அமுக்குவேன். உன் குரலைப் பற்றி நான் எப்போதும் சத்தம் என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

உன் கூவலையும் என் சட்டி மூடியையும் இன்னும் பலவற்றையும் வைத்து ஆல்டனும் நண்பர்களும் ஒரு ஆட்டப்பாட்டு செய்தார்கள். ஒலிப்பதிவுக்கூடத்தில் நாடாவை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுத்ததால், வேலை முடிந்ததும் அதன்மேல் ஒரு மெத்தைக்கடை விளம்பரம் பதிவாகிவிட்டது. அதற்குள் ஒரு மாதிரி இசைத்தட்டு வெட்டியிருந்தார்கள். இங்கே பாட்டுப் போடுகிறவர்களின் வழக்கம் இது: ஆயிரக்கணக்கில் அச்சடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தட்டை வெட்டி, ஜனங்கள் ஆடுகிறார்களா என்று பார்ப்பது. மெழுகு மாதிரி மென்மையான தட்டு அது. ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சத்தம் சுரண்டப்பட்டுப் போய்விடும். அதை ஆல்டன், காலில் சக்கரம் கட்டி ஆடும் ஸ்கேட்டிங் அரங்கத்தில் பாட்டுப் போடும் நெஸ்டர் என்பவரிடம் கொடுத்தான். ஜனங்கள் ஆடினார்கள். ஆடியவர்களில் டீக்கன் ரிவர்ஸின் பேத்தியும் ஒருத்தி. அந்த ஞாயிறே விஷயம் சபைக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சபை என் வீட்டுக்கு வந்துவிட்டது.

பாஸ்டர் பர்விஸ், டீக்கன் ரிவர்ஸ், சிஸ்டர் எர்னஸ்டீன் கேட்ஸ்டன், மூன்று பேர். நான் கேக்கை வெட்டிக் காப்பி போட்டேன். கண்டிக்க வந்தவர்களானாலும் விருந்தாளிகள் விருந்தாளிகள்தானே. பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டுத் தொடங்கினார்.

"சிஸ்டர் லவீனியா, ஆண்டவரோட சந்நிதியில எழும்பின சத்தத்த சக்கரம் கட்டிக்கிட்டு ஆடுற எடத்துல விடலாமா? நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க."

நான் சொல்வதற்குள் ஆல்டன், "கேட்டுட்டுச் சொல்லுங்க பாஸ்டர்" என்று நீலக் கட்டையை அமுக்கினான். நீ "ஓ" என்றாய். காப்பிக் கோப்பைகள் அப்படியே நின்றன. டீக்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிஸ்டர் கேட்ஸ்டன் மட்டும் கேக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது யாரு குரல்னு இங்க யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

"அதத்தான் சிஸ்டர் நானும் கேக்க வந்தேன்" என்றார் பாஸ்டர். "ஒடெஸாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமா வேண்டாமா?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், தட்டை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். குழுவில் தனிப்பாட்டு எல்லாம் உனக்கே போனதை அவள் இன்னும் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் பாஸ்டர் எழுந்து மேசையருகே போய்விட்டார். "கொஞ்சம் கீழ போனா எப்படி இருக்கும் தம்பி?" என்று ஒரு கட்டையை அமுக்கினார். நீ எருமையானாய். "அடடா!" என்றார். மேலே போனார். நீ கொசுவானாய். கண்டிக்க வந்ததை அவர் மறந்து வெகு நேரம் ஆகியிருந்தது. பிறகு டீக்கன் ரிவர்ஸ் தொண்டையைச் செருமினார். அவருடைய ஆமென் உனக்குத் தெரியும். எல்லோரும் சொல்லி முடித்து உட்கார்ந்த பிறகு தனியாக வருமே, அது.

"ஏம்பா ஆல்டன், இதுல ஆம்பள குரல் ஏறுமா?"

"ஏறும் டீக்கன். ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான் இருக்கும். அக்கா குரல எறக்கிட்டுத்தான்..."

"எறக்கு. அதான் பத்திரமா எழுதி வெச்சிருக்கியே."

நம் சபையில் டீக்கன் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் உட்காருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. அன்றும் யாரும் சொல்லவில்லை. ஆல்டன் மைக்கை நீட்டினான், அவர் "ஆமென்" என்றார். அமுக்கிப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரிச் சிரித்தார். பாஸ்டர் அமுக்கினார், இன்னும் சிரித்தார்கள். "இது நாளைக்கும் இருக்குமா?" என்று டீக்கன் கேட்டார். "எழுதி வெச்சா இருக்கும் டீக்கன்" என்று ஆல்டன் பெருமையோடு எழுதும் பொத்தானை அழுத்தினான். இயந்திரத்தின் வாயில் உன் ஃப்ளாப்பி அப்படியே இருந்தது. மீதிக் கேக்கையும் பொட்டலம் கட்டிக்கொண்டு அவர்கள் மனநிறைவோடு படியிறங்கினார்கள். நான் கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்து நீலக் கட்டையை அமுக்கினேன். ஆமென் என்றது. பக்கத்துக் கட்டை, அதற்குப் பக்கத்துக் கட்டை, எல்லாம் ஆமென். எருமை ஆமென், கொசு ஆமென். ஆல்டன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இனி மிச்சம் அந்த மாதிரித் தட்டு ஒன்றுதான். அதன் தொடக்கத்தில் தாளம் எதுவும் இல்லாமல் உன் கூவல் தனியாக வருகிறது, தட்டைக் கொண்டுவந்தால் திரும்பவும் விழுங்க வைத்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிவருகிறேன் என்றான் ஆல்டன். மறுநாளிலிருந்து சனி வரை அவனுக்கு மாலை முறை வேலை. ஞாயிறு வரைக்கும் நெஸ்டர் அதை எத்தனை முறை ஓட்டுவார் என்று கேட்டேன். "ஜனங்க கேக்குற வரைக்கும்" என்றான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நீ கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறாய் என்ற நினைப்போடு என்னால் தாள் திருத்த முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து நேராக அரங்கத்துக்குப் போனேன். பொறுத்திருக்கலாம். இதை எழுதும்போது அதுதான் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது.

பாட்டுப் போடுகிறவரின் மேடை அரங்கத்தின் அந்தக் கோடியில். நடுவில் பளபளவென்ற மரத்தரை, அதில் ஊரே வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. வாசலில் இருந்தவர் என் காலணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"சக்கரமில்லாம தரையில கால் வெக்கக் கூடாது மேடம். தரை கெட்டுடும்."

"நான் ஆட வரல. அங்க ஒருத்தர்கிட்ட ஒரு இசைத்தட்ட வாங்கிட்டுப் போகணும்."

"வாங்கிக்குங்க. சக்கரத்த மாட்டிக்கிட்டு வாங்கிக்குங்க. சைஸ் என்ன?"

நாற்பத்தொன்பது வயதில், கம்பளிப் பாவாடையும் கைப்பையுமாக, நான் சக்கரம் கட்டினேன் அக்கா. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனேன், சுவர் முடிந்துவிட்டது. "புரொஃபசர் பிங்க்னி?" என்று ஒரு குரல். என் இரண்டாம் ஆண்டு வகுப்பு யவெட். போன வாரம்தான் அவளுக்கு மிகக் குறைந்த மதிப்பெண் போட்டிருந்தேன்.

"மேடம், முழங்கால மடக்குங்க. கீழ பாக்காதீங்க. நீங்க எங்களுக்குச் சொல்வீங்கல்ல, விடைய மொதல்ல பாக்காதீங்க, போற வழியப் பாருங்கன்னு."

"நான் சொன்னதையெல்லாம் தாள்ல எழுதியிருக்கலாம் நீ."

"இப்ப கைய விட்டுடட்டுமா மேடம்?"

வேண்டாம் என்றேன், மிகவும் பணிவாக. அவள் என்னை நெஸ்டரின் மேடை வரைக்கும் இழுத்துப்போனாள். அங்கே போய்ச் சேரும்போதே பாட்டு தொடங்கிவிட்டது.

"ஆல்டனோட அக்காவா? ஐயோ, எதையாவது புடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார் நெஸ்டர்.

"அந்தத் தட்ட எடுத்துக் குடுத்துடுங்க. ஓட்ட ஓட்டத் தேயுது."

"தெரியும் மேடம். தேயத்தான தட்டு. அங்க பாருங்க ஒரு நிமிஷம்."

பார்த்தேன். நீ "ஓ" என்றாய், அரங்கம் முழுக்கக் கைகளைத் தூக்கி "ஓ" என்று உனக்குப் பதில் சொன்னது. நம் சபையில் சொல்வதுபோலவேதான். இவர்களுக்குக் காலில் சக்கரம், அது ஒன்றுதான் வித்தியாசம். நீ மறுபடி கூப்பிட்டாய், அவர்கள் மறுபடி சொன்னார்கள். உன் கூவலுக்கு அடியில் தாளமாக ஓடிக்கொண்டிருந்த "ச்சு, ச்சு" என்னுடையது என்று அப்போதுதான் தெரிந்தது. நீயும் நானும் சேர்ந்து பாடியதே இல்லை, கவனித்திருக்கிறாயா? நான் தட்டை எடுக்கச் சொல்லவில்லை. பாட்டு முடியும்வரை நெஸ்டரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் கூட்டம் இன்னொரு முறை என்று கத்தியது, நெஸ்டர் ஊசியைத் தூக்கித் தொடக்கத்தில் வைத்தார், போதும் என்று சொல்லி நான் கையை நீட்டினேன். கை போன திசையில் கால்கள் போகவில்லை. விழாமலிருக்க எதைப் பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது. சத்தத்தைக் கேட்டு எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். என் பிடியில் இருந்த ஊசி உன் கூவலின் குறுக்கே போய், நான் எழுந்திருக்க முயன்றபோது திரும்பி வந்து, மறுபடி சறுக்கியபோது மறுபடி போனது. கர்ரக், கர்ரக், கர்ரக்.

ஜனங்கள் கைதட்டினார்கள், அக்கா. இங்கே இப்போது வேண்டுமென்றே தட்டை முன்னும் பின்னும் தேய்த்துச் சத்தம் எழுப்புவது ஒரு வித்தையாம். "யாரு அந்தம்மா? சூப்பர்!" என்று யாரோ கத்தினார்கள். "எங்க புரொஃபசர்!" என்று யவெட் கத்தினாள். என் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல், உன்னை அழித்ததற்காக.

தட்டை வாங்கிவந்தேன். ஆல்டன் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருக்கலாம். இயந்திரத்துக்கு அதைக் காட்டி, நீலக் கட்டையை அமுக்கினான். கர்ரக் என்றது. அந்தக் கர்ரக்குக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு யாரோ கூப்பிடுகிற மாதிரி ஏதோ இருந்தது. அது நீதான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. மாத முடிவுக்குள் இந்த இயந்திரம் என் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினான். இப்போது நான் சட்டியை மூடினால் இன்னொரு தடவை என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் டிக்கெட்டைப் பற்றி எழுதினேன். உனக்குக் கொடுப்பதற்கு என்று ஒன்றை வைத்திருந்தோம். வெறுங்கையோடு உன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது. கோடையில் வா. அதற்குள் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

வெண்டல் அத்தானுக்கு என் அன்பைச் சொல். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். உங்கள் கூரைக்கு மேல் நல்ல மழையும், கூரைக்குக் கீழே சமாதானமும், பீக்கன் மரத்தில் அணிலுக்குப் போக மிச்சமும் கர்த்தர் தந்தருளட்டும்.

வருத்தத்துடன், உன் தங்கை,
லவீனியா பிங்க்னி

பி.கு. ஞாயிறு மதியம். கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டியாகிவிட்டது, ஆனால் போடுவதற்குள் சபைக்குப் போய்வந்துவிட்டேன். ஆராதனை முடிந்து கீழ்த்தளத்து அடுப்படியில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் கேட்ஸ்டன் என்னை ஓரங்கட்டினாள். நான் சக்கரம் கட்டிய கதை அவளுக்கு அதற்குள் வந்து சேர்ந்திருந்தது.

"ஒரு தட்டுக்காக விழுந்து எழுந்தியாமே. எதுக்கு?"

"அதுல ஒடெஸா குரல் இருந்துச்சு சிஸ்டர்."

"அந்த ஈஸ்டருக்கு ஒடெஸா இங்க எங்க இருந்தா? வெண்டலோட அப்பா செத்தாருன்னு ஆரஞ்ச்பர்க்குக்குப் போயிட்டா. அந்த ஒரு வருஷம்தான் எனக்கு எடம் கெடச்சுது. அது நானு."

"உங்க குரலா? அன்னைக்கு வீட்டுல ஏன் சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க? யாரு குரல்னு கேட்டேன். பாஸ்டரு ஒடெஸான்னாரு, டீக்கனு கண்ணத் தொடச்சாரு. சரி, கேக்கயாவது சாப்புடுவோம்னு சாப்பிட்டேன்."

நான் நம்பவில்லை. உனக்குத் தெரியும், எளிதில் நம்புகிறவள் அல்ல நான். அவள் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, அந்த அடுப்படியில், மூச்சை இழுத்து "ஓ...!" என்றாள். அடுக்கிய கோப்பைகள் அதிர்ந்தன. மேலே யாரோ ஆமென் என்றார்கள். கொஞ்சம் கழித்து டீக்கன் ரிவர்ஸும் சொன்னார். அதேதான் அக்கா. நீலக் கட்டை. அந்த நாடாவை முடுக்கித் திணித்து, இழுத்துத் தாழ்த்திய கோலத்தில் அது யாருடைய குரலாகவும் இருந்திருக்கலாம் என்று யோசித்திருக்க வேண்டியவள் நான். மூன்று வாரம் தினமும் கோட்டைக் கழற்றாமல் நின்று நான் கேட்டது எர்னஸ்டீன் கேட்ஸ்டனை. கண்ணீர் விட்டதும் அவளுக்குத்தான். (மேலே கண்ணீரைப் பற்றி எழுதவில்லை. விட்டேன்.) அரங்கத்தில் என்னோடு சேர்ந்து பாடியதும் அவள்தான்.

ஆல்டனுக்கு ஒரே கொண்டாட்டம். சிஸ்டர் கேட்ஸ்டன் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து கூவித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள், தட்டின்மேல் தன் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பாட்டு பிழைத்துவிட்டது. நீதான் எங்கும் இல்லை. சபையின் பழைய கேசட்டுகளை விசாரித்தேன். ஒவ்வொன்றின்மேலும் அடுத்த வாரப் பிரசங்கத்தைப் பதிவு செய்துவிட்டார்களாம். தேயக்கூட எங்களிடம் உன் குரல் ஒருபோதும் இருந்ததில்லை.

ஆகையால் மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. டிக்கெட்டைத் திருப்பிக்கொடுக்காதே. இயந்திரம் மேசைமேல்தான் இருக்கிறது, இருக்கட்டும். ஆல்டனிடம் கேட்டேன், கிசுகிசுப்பானாலும் அதற்கு ஒன்றுதானாம்; கூரையைத் தொட வேண்டியதில்லை, மைக்குக்குப் பக்கத்தில் வந்தால் போதுமாம். இரண்டு நொடி. பாட வேண்டாம். என்ன வேண்டுமானாலும் சொல், என்னைத் திட்டினாலும் சரி. ஃப்ளாப்பி இரண்டு வாங்கிவிட்டேன், இரண்டையும் என் கைப்பையிலேயே வைத்துக்கொள்வேன். டீக்கன் ரிவர்ஸ் வந்தால் அவருக்குக் கேக் மட்டும்தான்.

லவீ.